சின்ன ஊர் வெஸ்டர்ன் காதல் கதைகளில் ஆட்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா?

புல்வெளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் தோழமைகளே. போன மாதம் முழுக்க வெஸ்டர்ன் ரொமான்ஸ்தான் படித்தேன், அதாவது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நடக்கும் கவ்பாய் காதல் கதைகள். மொன்டானா, வயோமிங், டெக்சாஸ் என்று வரிசையாக ஆறு நாவல்கள். ஆறிலும் ஊர் சின்னது. ஒரு டைனர் (சின்னச் சாப்பாட்டுக் கடை), ஒரு தீவனக் கடை, ஊர்க்கோடியில் கடனில் தத்தளிக்கும் ஒரு ரேஞ்ச் (மாட்டுப் பண்ணை). ஹீரோவுக்குப் பேச்சு வராது, மனதில் பழைய காயம் ஒன்று இருக்கும். ஹீரோயின் பெருநகரத்திலிருந்து வருவாள். இல்லையென்றால் பத்து வருடத்துக்கு முன் ஊரை விட்டு ஓடியவளாகத் திரும்பி வருவாள். இந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைக் குறை சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை.

உறுத்துவது வேறு. ஆறில் நான்கு கதைகளில் இப்படி நடக்கிறது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ராத்திரி பனிப்புயல் வரும், கரண்ட் போகும், ஹீரோ தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுவான். மறுநாள் காலையிலிருந்து அவன் வேறு ஆள். அவளோ சிகாகோவில் பத்து வருடம் பாடுபட்டுப் பிடித்த வேலையை ஒரே ஃபோனில் விட்டுவிடுகிறாள். இரண்டையுமே கேரக்டர் வளர்ச்சி என்று விமர்சனங்களில் புகழ்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் வாயைத் திறந்தான், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருநகரத்தில் ஒருவன் மாற நினைத்தால் வேறு ஏரியாவுக்குக் குடிபோகலாம், வேறு நண்பர்களைப் பிடிக்கலாம். பழையவனைத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. எண்ணூறு பேர் இருக்கும் ஊரில் அது நடக்காது. பதினேழு வயதில் குடித்துவிட்டு யார் வேலியில் வண்டியை ஏற்றினான் என்பது டைனரில் காபி ஊற்றும் அம்மாவுக்கு நினைவிருக்கும். அவன் உள்ளுக்குள் எவ்வளவு மாறினாலும் ஊர் அவனைப் பழைய கண்ணால்தான் பார்க்கும். உள்ளே மாறிவிட்டான், வெளியே யாரும் நம்பவில்லை என்ற அந்த இடைப்பட்ட காலத்தை அவன் எப்படிக் கடக்கிறான்? சின்ன ஊரில் கதையை வைத்ததன் பலனே அதில்தான் இருக்கிறது. பாதி எழுத்தாளர்கள் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உங்களுக்கு எந்தக் கதையில் மாற்றம் நம்பும்படி இருந்தது? ஏன்?


ஞாயிறு மதியம்

சிஸ், கொஞ்சம் மாறுபடுகிறேன். அம்மா உடம்பு முடியாமல் படுத்திருந்த நான்கு மாதமும் எனக்குத் துணை இந்த வகைக் கதைகள்தான். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதி இருப்பதால்தான் நடுவில் வரும் வலியை என்னால் தாங்க முடிந்தது. அந்த உறுதி இல்லாத புத்தகத்தை அப்போது தொட்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம், வாயே திறக்காத ஒருவன் ஒரு ராத்திரி அழுவது சின்ன விஷயமா? என் அப்பா அழுது நான் பார்த்ததே ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்குப் பிறகு எனக்கும் அவருக்கும் நடுவில் எல்லாமே மாறிப்போனது.


புல்வெளி

சிஸ், நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். சேர்ந்து முடிவது எனக்கும் வேண்டும், அதில் சண்டையே இல்லை. நான் கேட்பது வழியைப் பற்றி. உங்கள் அப்பா அழுத பிறகு மாறியது உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த உறவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நீங்கள் இருவரும் சேர்ந்துதானே அதைக் காப்பாற்றியிருப்பீர்கள்? அந்த மறுநாட்களைத்தான் கதையில் தேடுகிறேன்.


மூன்றாம் வாசிப்பு

இந்தக் கேள்வி இந்த வகை எழுத்து பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது. ஓவன் விஸ்டர் 1902-ல் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக் குறைந்த கவ்பாய், கிழக்கிலிருந்து வரும் பள்ளிக்கூட டீச்சர், ஒதுக்குப்புற வயோமிங் ஊர் என்று இன்று நாம் படிக்கும் அச்சு முழுக்க அதில் இருக்கிறது. மோலி வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டனிலிருந்து வருகிறாள். ஹீரோவுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது, வர்ஜீனியாக்காரன் அவ்வளவுதான்.

முடிவு தெரியும்தானே? கல்யாணத்துக்கு முதல் நாள் வில்லன் டிராம்பஸ், சூரியன் மறைவதற்குள் ஊரை விட்டுப் போ என்று சவால் விடுகிறான். நீ சண்டைக்குப் போனால் நமக்குள் நாளை என்பதே கிடையாது என்கிறாள் மோலி. அவன் போகிறான், சுடுகிறான், திரும்பி வருகிறான். அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். புல்வெளி சொன்னது அப்படியே பொருந்துகிறது, வளைந்து கொடுத்தது அவள் மட்டும்தான். முதல் வாசிப்பில் எனக்கும் கோபம் வந்தது.

மூன்றாவது முறை படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. அந்த நாவலில் உண்மையான மாற்றம் மோலியைச் சுற்றி நடக்கவில்லை, ஸ்டீவைச் சுற்றி நடக்கிறது. ஸ்டீவ் ஹீரோவின் உயிர் நண்பன். தொடக்கத்தில் ஸ்டீவ் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடுகிறான், இவன் சிரிக்கிறான். அதே ராத்திரி சீட்டாட்டத்தில் டிராம்பஸ் அதே வார்த்தையைச் சொல்ல, துப்பாக்கி மேசைக்கு வந்துவிடுகிறது. பின்னால் ஸ்டீவ் மாடு திருடும் கூட்டத்தில் சேர்கிறான். அவனைப் பிடித்துத் தூக்கில் போடும் கூட்டத்தில் ஹீரோவும் ஒருவன். சாகப்போகும் ஸ்டீவ் மற்றவர்களோடெல்லாம் பேசுகிறான், இவனோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவனுக்கு அதுதான் தாங்கவில்லை, உடைந்து அழுகிறான். கடைசியில் ஸ்டீவ் எழுதிவைத்த சீட்டு கிடைக்கிறது. உன்னோடு பேசியிருந்தால் குழந்தை மாதிரி ஆகியிருப்பேன், அதனால்தான் பேசவில்லை என்பது அதன் சாரம்.

இங்கே ஒருவன் தன் ஊரின் சட்டத்துக்காக நண்பனையே இழக்கிறான். அந்தச் சட்டம் சரிதானா என்ற கேள்வி அவன் கனவில்கூட வருகிறது. விஸ்டர் அந்தக் கேள்விக்குள் கடைசிவரை போயிருந்தால் எப்படிப்பட்ட நாவல் கிடைத்திருக்கும்! அவர் போகவில்லை. ஒரு நீதிபதியை வரவழைத்து, தூக்கில் போட்டது நியாயம்தான் என்று மோலிக்குப் பாடம் நடத்த வைத்துவிட்டார்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1892 ஏப்ரலில் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில், பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டி வந்து, திருடர்கள் என்று முத்திரை குத்திய சிறு பண்ணைக்காரர்களை வேட்டையாடக் கிளம்பினார்கள். நேட் சாம்பியன், நிக் ரே இருவரைக் கொன்றார்கள். ஊர் திரண்டு வந்து அவர்களை ஒரு பண்ணையில் வளைத்துக்கொண்டபோது ராணுவம் வந்து காப்பாற்றியது. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. விஸ்டரின் நட்பும் அனுதாபமும் பெரிய பண்ணைக்காரர்கள் பக்கம். எழுத்தாளரே கேட்க விரும்பாத கேள்வியை அவர் படைத்த ஆள் எப்படிக் கேட்பான்?


டெக்ஸ் ரசிகன்

நான் இந்தப் பக்கம் வந்ததே லயன் காமிக்ஸ் வழியாகத்தான். அதில் வரும் கவ்பாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948-ல் தொடங்கினார், இன்றுவரை அதே மஞ்சள் சட்டை, அதே குணம். அவர் மாறினால் நான்தான் முதலில் வருத்தப்படுவேன்.

இந்த இழையைப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. சாகச வெஸ்டர்னில் ஹீரோ வருகிறான், ஊரைச் சரிசெய்கிறான், குதிரையேறிப் போய்விடுகிறான். போய்விடுகிறவன் மாற வேண்டிய அவசியம் இல்லை. காதல் வெஸ்டர்னில் அவன் அங்கேயே தங்குகிறான். மறுநாள் காலையில் அதே தீவனக் கடைக்கு மூட்டை வாங்கப் போக வேண்டும், அங்கே இவன் அடித்தவனின் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருப்பான்.


புல்வெளி

மூன்றாம் வாசிப்பு, அந்தச் சீட்டு விஷயத்தை நான் முற்றிலும் மறந்திருந்தேன். நாவலை மறுபடி எடுக்கப் போகிறேன். டெக்ஸ் ரசிகன், ‘தங்குகிறான்’ என்ற ஒரு சொல்லில் நான் இரண்டு பத்தியில் சொன்னதைச் சொல்லிவிட்டீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஜேன் கிரே 1912-ல் எழுதிய ‘ரைடர்ஸ் ஆஃப் தி பர்பிள் சேஜ்’. 1871-ல் தெற்கு யூட்டாவில் நடக்கும் கதை. ஜேன் விதர்ஸ்டீன் அப்பாவின் பண்ணைக்கும் மாட்டு மந்தைகளுக்கும் வாரிசு. மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவள். தன் சபைப் பெரியவர் ஒருவரைக் கட்டிக்கொள்ள மறுக்கிறாள். அதற்காக அவளுடைய மந்தைகளை மிரட்டி விரட்டுகிறார்கள், வேலைக்காரிகளை வேவு பார்க்க வைக்கிறார்கள். துப்பாக்கிக்காரன் லாசிட்டர் அவளுக்குத் துணை நிற்கிறான். தன் சபை ஆட்களை அவன் கொல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டுமென்றே அவனை மயக்கப் பார்க்கிறாள். அப்புறம் தானே விழுந்துவிடுகிறாள். நல்லவளாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமே அவளுடைய பலவீனமும் என்று படிப்படியாகக் காட்டியிருப்பார். மார்மன் மக்களை அந்த நாவல் காட்டும் விதம் ஒருதலைப்பட்சம்தான், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் கடைசியில் கணவாயை மூடும் பாறையை உருட்டு என்று சொல்வது அவள்தான். உருட்டினால் வெளியுலகத்துக்குத் திரும்பும் வழியே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறாள். நூறு வருடத்துக்கு மேல் பழைய நாவலில் இது முடிந்திருக்கிறது என்றால், இப்போது எழுதுகிறவர்களால் ஏன் முடியாது?


எதிர்காற்று

நாங்கள் வயோமிங் லாரமியில் நான்கு வருடம் இருந்தோம், கணவரின் படிப்புக்காக. கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர். குளிர்காலத்தில் காற்றும் பனியும் சேர்ந்துகொண்டால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். வர்ஜீனியன் தொடங்கும் மெடிசின் போ அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். இன்று அங்கே முந்நூறு பேர்கூட இல்லை. நாவல் வந்த பிறகு, 1911-ல், அதன் பெயரிலேயே ஒரு ஓட்டல் திறந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தை அந்த வெட்டவெளியில் பார்க்கும்போது மனம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்ல வந்தது வேலையைப் பற்றி. இந்தக் கதைகளில் ரேஞ்ச் என்றால் சூரிய அஸ்தமனம், குதிரை, வேலியில் சாய்ந்து நிற்கும் ஹீரோ. நான் பார்த்த ரேஞ்ச் என்றால் கன்று ஈனும் காலம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தூக்கமே கிடையாது. எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில், தலையீற்றுக் கிடாரிகளை (முதல் முறை கன்று போடும் இளம் மாடுகளை) இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. கன்று வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் சங்கிலி போட்டு இழுக்க வேண்டும். பனியில் விழுந்த கன்றுக்குக் காது உறைந்துபோகும். அதைத் தூக்கி வந்து வண்டியின் ஹீட்டர் முன்னால் காலடியில் போட்டுத் துடைப்பார்கள், சமையலறையில்கூடக் கொண்டுவந்து போடுவார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் பிழைப்பது கஷ்டம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் ஒருவரைப் பற்றி நல்லவர், கெட்டவர் என்று பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கூப்பிட்டால் வருவார், கூப்பிட்டால் வரமாட்டார், இப்படித்தான் பேசுவார்கள். தீ பிடித்தால் அணைக்க வருகிறவர்களும் ஊர்க்காரர்களே, சம்பளம் கிடையாது. அதனால் புல்வெளி கேட்ட கேள்விக்கு என் பதில், அந்த ஊரில் ஒருவன் மாறிவிட்டான் என்பதை அழுகையால் காட்ட முடியாது. மூன்று மணிக்கு எழுந்து போனானா, இல்லையா?


பட்டிக்காரி

எதிர்காற்று அக்கா, தலையீற்றுக் கிடாரி, சீம்பால் என்று படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆறு உருப்படி மாடு. தை மாசக் குளிரில் அம்மாவோடு லாந்தர் பிடித்துக்கொண்டு மாட்டுப்பட்டியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அமெரிக்க ரேஞ்ச்களில் ஒரு வழக்கம் இருக்கிறதாமே, கன்று செத்துப்போன மாட்டிடம் தாயில்லாக் கன்றைச் சேர்க்க, செத்த கன்றின் தோலை உரித்து அனாதைக் கன்றின் மேல் போர்த்திவிடுவார்கள் என்று படித்தேன். மாடு மோந்து பார்த்துத் தன் கன்று என்று பால் விடும். இரண்டு மூன்று நாள் கழித்துத் தோலை எடுத்துவிடுவார்களாம். நம் பக்கம் கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய் முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்கள். அது கறப்பதற்காக, இது இன்னொரு உயிர் பிழைப்பதற்காக. இந்தக் காட்சியை வைத்து ஒரு காதல் கதைக்காரர் எழுதியிருந்தால் யாராவது சொல்லுங்களேன், இன்றைக்கே படிக்கிறேன்.


பாதிக்கதை

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவள். இந்த இழைதான் என்னை எழுத வைத்தது. எனக்கு உதவி வேண்டும்.

வயோமிங்கில் ஒரு கற்பனை ஊரை வைத்து ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்தொரு யூடி (அப்டேட், அதாவது அத்தியாயம்) போட்டாயிற்று, அதற்கு மேல் ஓடவில்லை. ஹீரோ ரோடியோ என்ற கவ்பாய் போட்டிகளில் காளைச் சவாரி செய்கிறவன், வயது முப்பத்து நான்கு. மூன்றாவது முறை தலையில் அடிபட்டு, இனி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஊர் திரும்புகிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, கன்று ஈனும் காலத்தின் நடுவில் அண்ணன் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியவன். ஹீரோயின் அந்த ஊரின் ஒரே மாட்டு டாக்டர். இருவருக்கும் காதல் வந்துவிட்டது. அவன் மாற வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது புல்வெளி சிஸ் திட்டிய அதே பனிப்புயல் ராத்திரி. படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. வேறு எப்படி எழுதுவது?


டெக்ஸ் ரசிகன்

முதலில் சவாரி விவரங்களைச் சரிபாருங்கள் சகோ. எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கை மட்டும் கயிற்றில், இன்னொரு கை காளைமேலோ தன்மேலோ பட்டால் தகுதி இழப்பு. மதிப்பெண் நூற்றுக்கு, அதில் பாதி காளைக்கு, பாதி ஆளுக்கு. காளை நன்றாகத் துள்ளாவிட்டால் இவன் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் பெரிய மதிப்பெண் வராது. பத்து வருடத்துக்கு மேல் தன் வாழ்க்கையை எட்டு எட்டு விநாடியாக அளந்தவனுக்கு இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகக் கிடாரிக்குக் காவல் இருப்பது எப்படி இருக்கும்? அங்கே கைதட்ட யாரும் இல்லை.


எதிர்காற்று

நீங்களே விடையை உள்ளே வைத்திருக்கிறீர்கள் பாதிக்கதை. அவன் ஓடியது கன்று ஈனும் காலத்தில். திரும்பி வந்து அவன் கேட்க வேண்டியது மன்னிப்பு என்று நினைக்காதீர்கள், ராத்திரிக் காவலைக் கேட்கட்டும். அண்ணன் தருவார், நம்பித் தரமாட்டார். இவன் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், ஒன்றரைக்கு அண்ணன் தானும் எழுந்து ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். இவனுக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடக் கணக்கு, ஒரு வாரத்தில் தீராது.

அவனுடைய தலைக்காயத்தையும் மறக்காதீர்கள். வெளிச்சம் கூசும், ஞாபகம் தப்பும், திடீரென்று எரிச்சல் வரும். காதல் வந்ததும் அதெல்லாம் சரியாகிவிடுவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் எந்தக் கிடாரியை எத்தனை மணிக்குப் பார்த்தான் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.


மூன்றாம் வாசிப்பு

ஹீரோயினைப் பற்றி யாரும் பேசவில்லையே? அவளுக்கு என்ன வளர்ச்சி? இப்போதைக்கு அவள் இவனுக்கு மருந்தாக மட்டும் இருக்கிறாள்.

இந்த மண்ணில் உண்மையாக வாழ்ந்த ஒருத்தியைச் சொல்கிறேன். எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட். டென்வரில் வீடுகளுக்குத் துணி துவைத்துப் பிழைத்தவர், ஒரு சின்னப் பெண் குழந்தையோடு. 1909-ல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க்கில் ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரர் ஒருவரின் பண்ணைக்கு வீட்டு வேலைக்குப் போனார். சில வாரங்களிலேயே அவரைக் கல்யாணமும் செய்துகொண்டார். டென்வரில் இருந்த பழைய முதலாளியம்மாவுக்குக் கடிதங்கள் எழுதினார், அவை 1914-ல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு கடிதம் மறக்க முடியாதது. புல் அறுக்க ஆள் கிடைக்காமல் முதலாளி ஆள் தேடி அலைகிறார். இவருக்குச் சின்ன வயதிலேயே அறுக்கும் இயந்திரம் ஓட்டத் தெரியும். பெண் இந்த வேலை செய்வதா என்று நினைத்துவிடுவாரோ என்று சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். கடைசியில் முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில் தானே குதிரைகளைப் பூட்டி அறுக்கத் தொடங்கிவிடுகிறார். முதலாளி திரும்பி வந்து பார்த்து முகம் மலர்ந்து நிற்கிறார்.

இன்னொன்று, தன் பெயரில் நிலம் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் அந்த உரிமை இருந்தது, கணவரோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக இல்லை. கல்யாணம் செய்தால் நிலம் போகலாம் என்ற இக்கட்டு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! காதலுக்கும் சொந்தக் காலில் நிற்பதற்கும் நடுவில் உண்மையான சட்டமே குறுக்கே நின்ற காலம் அது. அதைவிட நல்ல கதைச்சிக்கல் கிடைக்குமா?

உங்கள் மாட்டு டாக்டரிடம் அப்படி மறைத்து வைத்திருக்கும் ஒன்று என்ன? அதைக் கண்டுபிடியுங்கள், மற்றது தானே வரும்.


பாதிக்கதை

இருக்கிறது. நான் ஒரு வரியில் கடந்துபோன விஷயம். அவள் பாதிப் பேருக்கு பில் அனுப்புவதே இல்லை. மாட்டு விலை இறங்கினால் ஊரே கஷ்டத்தில் இருக்கும், பணம் கேட்டால் வெளியூர்க்காரி புத்தியைக் காட்டிவிட்டாள் என்று பேசுவார்கள் என்று பயம். அவளுக்குப் படிப்புக் கடன் மலைபோல இருக்கிறது. நான் அதை அவளுடைய நல்ல மனதுக்குச் சான்றாக எழுதியிருந்தேன்.


புல்வெளி

நல்ல மனதும் பயமும் அவளிடம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன பாருங்கள், ஜேன் விதர்ஸ்டீன் மாதிரியே! அவள் பில் அனுப்பட்டும். ஹீரோவின் அண்ணனுக்கும் அனுப்பட்டும். காதலனின் குடும்பத்துக்கே பில்லா என்று ஊர் பேசட்டும். டைனரில் இரண்டு வாரம் யாரும் அவள் மேசைக்கு வந்து உட்கார வேண்டாம். அப்புறம் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு ஃபோன் வரும், அவள் போவாள், ஏனென்றால் அவள் கூப்பிட்டால் வருகிறவள். ஞாயிறு மதியம் சிஸ், இதெல்லாம் நடந்தாலும் கடைசியில் அவர்கள் சேர்வார்கள், கவலைப்படாதீர்கள்.


ஞாயிறு மதியம்

சேர்ந்தால் போதும்! இந்தக் கதையை நான் படித்தே ஆக வேண்டும். டைனர் காட்சியை நினைத்தால் இப்போதே நெஞ்சு அடைக்கிறது. நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் இந்த மாதிரி எழுதினால் ஆறுதல் குறையாது, கூடும் என்று தோன்றுகிறது.


வடகரை

தாமதமாக வருகிறேன். ஒரு விஷயத்தை யாராவது எழுப்புவார்கள் என்று பார்த்தேன். நிலம், நிலம் என்று பேசுகிறோம். அந்த 160 ஏக்கர் அதற்கு முன் யாருடையது? வயோமிங்கில் விண்ட் ரிவர் ரிசர்வேஷன் என்ற பூர்வகுடி நிலப்பகுதி இருக்கிறது. கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரப்பஹோ மக்கள் இன்றும் வாழும் இடம். ஷோஷோனிகளோடு 1868-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஒதுக்கியது, பிறகு பலமுறை வெட்டிச் சுருக்கினார்கள். வர்ஜீனியன் நாவலில் பூர்வகுடிகள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாமல் வந்து ஹீரோவைக் காயப்படுத்திவிட்டுப் போகிறார்கள். மோலி அவனைக் காப்பாற்றிக் காதல் வளர்வதற்கு அவர்கள் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

கவ்பாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ரோடியோவில் ஓடும் காளையைக் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் போட்டியை உருவாக்கியவர் என்று போற்றப்படும் பில் பிக்கெட் கறுப்பினத்தவர், 1870-ல் டெக்சாஸில் பிறந்தவர். காதல் கதை அட்டைப்படங்களில் இவர்களைத் தேடிப் பாருங்கள்.

பாதிக்கதை, உங்கள் கதையை இதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் அது ஊராக இருக்காது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஷோஷோனியாக இருக்கலாம். அவர் யாருக்கும் புத்தி சொல்ல வர வேண்டாம், ஹீரோ குணமாக உதவவும் வேண்டாம். அவருக்கும் ராத்திரியில் கிடாரி ஈனட்டும், டாக்டர் பில் அவருக்கும் போகட்டும்.


பாதிக்கதை

வடகரை ஐயா, நன்றி. அந்தப் பண்ணைக்காரர் இப்போது கதைக்குள் வந்துவிட்டார். பெயருக்காகவும் குடும்பத்துக்காகவும் நிறையப் படிக்க வேண்டும், அவசரப்பட்டு எழுதமாட்டேன்.


பாதிக்கதை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இருபத்திரண்டாவது யூடி முடிந்தது. பனிப்புயல் ராத்திரியைத் தூக்கிவிட்டேன். பட்டிக்காரி தோழி, உங்கள் தோல் போர்த்திய கன்றும் உள்ளே இருக்கிறது. ஹீரோவும் அண்ணனும் சேர்ந்து அதைச் செய்கிறார்கள், இருவருக்கும் அப்பா சொல்லிக்கொடுத்த வேலை. செய்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டாக்டரின் பில் சமையலறை மேசையில் பிரிக்காமலே கிடக்கிறது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள், அது அடுத்த யூடிக்கு.

கடைசிப் பகுதியை மட்டும் இங்கே போடுகிறேன், சரியாக வந்திருக்கிறதா பாருங்கள்:

‘ஒரு மணிக்கு அவன் பட்டியைச் சுற்றிவிட்டு வந்தான். நாற்பத்து மூன்றாம் எண் கிடாரி படுத்திருந்தது, இன்னும் நேரம் இருந்தது. நோட்டில் எழுதினான். வழக்கம்போலக் கொட்டகை வாசலில் நின்று வீட்டைப் பார்த்தான். ஒன்றரைக்கு மாடியில் விளக்கு எரியும், அண்ணன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கி வருவார், இவன் பார்த்ததையே மறுபடி பார்த்துவிட்டுப் போவார். இருபத்தாறு ராத்திரி அப்படித்தான். ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. விளக்கு எரியவில்லை. அவன் உள்ளே போய் இன்னொரு முறை கிடாரியைப் பார்த்தான்.’